இருபத்துநான்கு வாட்

"இந்த பிளக்கைப் புடுங்கிடவாம்மா?" என்று ஐஸ் பெட்டி கொண்டுவந்த ஆள் கேட்டதும், மூத்தவள் அவன் கைக்கும் சுவருக்கும் நடுவே போய் நின்றாள்.

"அது எரியட்டும். நான் எக்ஸ்டென்ஷன் எடுத்துட்டு வரேன்."

அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தான். கட்டிலில் அப்பா கிடந்தார். உயிர் போய் மூன்று மணி நேரம்தான் ஆகியிருந்தது. கூடத்தின் ஒரே பிளக்கில் செடி விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அதன் கீழே இரும்பு அலமாரியில் பதினோரு தொட்டிகள். அப்பா முப்பது வருடம் லிஃப்ட் ஆபரேட்டர். ஜன்னலில்லாத பெட்டிக்குள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பட்டன் அழுத்தியவர். ஓய்வு பெற்றபின், வெயில் எட்டிக்கூடப் பார்க்காத இந்தத் தரைத்தள வீட்டில் செடி வளர்க்கக் கிளம்பினார்.

பத்து மணிக்குள் பிளாஸ்டிக் நாற்காலிகள் நிறைந்துவிட்டன. மாடி வீட்டு அம்மா பெட்டியைப் பார்த்து அழுதாள். பிறகு விளக்கைப் பார்த்து இன்னும் கொஞ்சம் அழுதாள்.

"சின்னவ அனுப்புன லைட்டுதானே இது? போன வாரம்கூடச் சொன்னாரு. என் கண்ணு அங்கிருந்தே எனக்கு வெயில் அனுப்பிட்டான்னு."

"தண்ணி குடிக்கறீங்களா?" என்றாள் மூத்தவள்.

அப்பாவுக்கு இளையவள் 'கண்ணு'. மூத்தவள் 'சூப்பர்வைசர்'. மாத்திரை கொடுப்பவள், உப்பைக் குறைப்பவள், குளியலறையில் கதவுக்கு வெளியே நிற்பவள். அப்படிப்பட்டவளைக் கண்ணு என்று கூப்பிட யாருக்கும் நாக்கு வராதுதான்.

இளையவள் அனுப்பியது ஊதா விளக்கு. பார்சல் வந்த அன்று அப்பா குழந்தை மாதிரி கைதட்டினார். அதன் வெளிச்சத்தில் அவர் முகம் அடிபட்டுக் கன்றியது போலிருந்தது. மூன்றே வாரத்தில் செடிகள் நோஞ்சானாக நீண்டு, இலைக்கும் இலைக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி விட்டுச் சாய்ந்தன. மூத்தவள் மூன்று சனிக்கிழமை கடை கடையாக ஏறி இறங்கினாள். கடைசிக் கடைக்காரர்தான் புரிகிற மாதிரி சொன்னார்.

"வாட்டுங்கறது அது திங்கற தீனிம்மா. எவ்வளவு பால் கறக்குதுன்னு பாருங்க. இலை இருக்கிற உயரத்துல புறங்கையை ஒரு நிமிஷம் வைங்க. சுட்டுச்சுன்னா, தின்னதெல்லாம் சூடாப் போவுதுன்னு அர்த்தம்."

ஏழு விளக்குகளின் அடியில் கை வைத்துப் பார்த்தாள். எட்டாவது வெள்ளை. இருபத்துநான்கு வாட்தான், கை சுடவில்லை, ஆனால் ரோமமெல்லாம் எண்ணலாம் போலத் தெரிந்தது. அப்பா ஆஸ்பத்திரியில் இருந்த வாரத்தில் பழையதைக் கழற்றிப் பரணில் போட்டுவிட்டு இதை மாட்டினாள்.

திரும்பி வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "ஏன் வெள்ளையா இருக்கு? கண்ணு அனுப்புனது போயிடுச்சா?"

அந்த முகத்தைப் பார்த்ததும் வாய் தானாகச் சொல்லிவிட்டது. "இல்லப்பா. அதுலயே பட்டனை மாத்தி வெச்சேன்."

"அப்படியா" என்றார்.

புதுத் தளிர் விட்டபோதெல்லாம் புகழ் இளையவளுக்குப் போனது. சொன்ன பொய் தன்னுடையது என்பதால் யாரிடமும் சண்டை போட முடியவில்லை. என்றைக்காவது அவரே கண்டுபிடிப்பார் என்று மூத்தவள் ஐந்து மாதம் காத்திருந்தாள். இன்று விடியற்காலையோடு அதுவும் முடிந்தது.

பன்னிரண்டு மணிக்கு இளையவள் வந்தாள். பெட்டியின் கண்ணாடி மேல் கன்னத்தை வைத்து அழுதாள். மாடி வீட்டு அம்மா அவள் தலையைத் தடவினாள்.

"அழாதம்மா. நீ குடுத்த வெளிச்சத்துலதான் படுத்திருக்காரு பாரு."

இளையவள் விளக்கை நிமிர்ந்து பார்த்தாள். தலையாட்டினாள்.

"அது நான் வாங்குனது."

தன் குரல்தான் என்று மூத்தவளுக்கே சற்றுக் கழித்துத்தான் தெரிந்தது. நிறுத்தவும் முடியவில்லை.

"இருபத்திநாலு வாட்டு. மூணு சனிக்கிழமை அலைஞ்சேன். இவ அனுப்புனது பரண்ல கிடக்கு. வேணும்னா எடுத்துக் காட்டறேன்."

யாரோ இருமினார்கள். "ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கா, பாவம்" என்றாள் மாடி வீட்டு அம்மா, மற்றவர்களைப் பார்த்து.

இளையவள் அக்கா கையைப் பிடித்துச் சமையலறைக்கு இழுத்துப் போனாள்.

"தெரியும்க்கா. அப்பா சொன்னாரு."

"என்ன சொன்னாரு?"

"ஆஸ்பத்திரியில இருந்து வந்த அன்னிக்கே சொல்லிட்டாரு. 'முப்பது வருஷம் பட்டன் அழுத்துனவன்கிட்ட, பட்டனே இல்லாத லைட்டைக் காட்டி பட்டனை மாத்துனேங்கறா சூப்பர்வைசர்'னு ஒரே சிரிப்பு."

"அப்புறம் எதுக்கு ஊரெல்லாம் உன் பேரைச் சொன்னாரு?"

"நீதானே அப்படிச் சொன்னே. நீயா வாயைத் திறக்கற வரைக்கும் நாமளும் தெரியாத மாதிரி இருப்போம், இல்லன்னா உனக்குக் கஷ்டமா இருக்கும்னாரு. அதான் இப்பவும் தலையாட்டுனேன்."

மூத்தவள் அடுப்பு மேடையைத் துடைத்தாள். அதில் துடைக்க ஒன்றும் இல்லை.

"இதெல்லாம் எப்பப் பேசுவீங்க? ஞாயித்துக்கிழமை நீ கூப்பிடறப்ப நான் பக்கத்துலயே இருப்பேனே."

"தினமும் கூப்பிடுவாருக்கா. சாயங்காலம், நீ வேலைவிட்டு வர்றதுக்கு முன்னாடி."

"தினமுமா?"

"உன்னைப் பத்திதான் பேசுவாரு. சாமி சத்தியமா."

தினமும். மூத்தவள் வந்து செருப்பைக் கழற்றும்போது அவர் எப்போதும் வாய் ஓய்ந்து உட்கார்ந்திருப்பார். "என்னப்பா?" என்றால் "ஒண்ணுமில்ல" என்பார். களைப்பு என்று நினைத்து, சத்து மாவு கரைத்துக் கொடுத்திருக்கிறாள்.

நாலு மணிக்கு வண்டி வந்தது.

மூன்றாம் நாள் காலை இளையவள் ஊருக்குக் கிளம்பினாள். "ஒரே ஒரு செடி எடுத்துக்கவாக்கா?"

"எடுத்துக்கோயேன்."

அவள் எடுத்தது கடைசித் தொட்டி. அப்பா சாவதற்கு முந்தின வாரம் வெட்டி நட்ட குச்சி, இரண்டே இலை.

"என் வீட்லயும் வெயில் கிடையாது. இதே மாதிரி வெள்ளை லைட்டு வாங்கிடறேன். ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் போடணும்?"

பன்னிரண்டு. கடைக்காரர் இரண்டு தடவை சொல்லியிருந்தார்.

"பத்து" என்றாள் மூத்தவள்.

"மறந்துடுவேன், இரு." இளையவள் பையில் துழாவிப் பேனா எடுத்து உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

பஸ் நிறுத்தம் வரை மூத்தவள் பையைத் தூக்கி வந்தாள். இளையவளுக்கு ஜன்னலோர இடம் கிடைத்தது. தொட்டியை மடியில் வைத்து, இலை நசுங்காமல் ஒரு கையால் அணைத்துக்கொண்டாள். பஸ் நகர்ந்தபோது மறு கையைக் கண்ணாடியில் வைத்து விரித்துக் காட்டினாள். வேர்வையில் லேசாகக் கலைந்து, நீல மையில், பத்து.

மூத்தவளும் கையைத் தூக்கினாள்.