அமாவாசையன்று திறக்காத புரோகிராம்

எண்பத்தெட்டாம் வருஷம். திருப்பதியில் தேவானந்தம் நடத்திக்கொண்டிருந்த கம்ப்யூட்டர் சென்டருக்கு, சித்தூர் வெல்ல மண்டியிலிருந்து காலையிலேயே போன் வந்தது. மண்டி முதலாளி முனிரத்தினம் எடுத்த எடுப்பிலேயே கத்தினார்.

"இன்னா சார் இது? புத்தலப்பட்டுக்காரன் எறக்குன வெல்லத்துக்கு பாலசமுத்திரத்துக்காரன் பேர்ல சீட்டு வருது! ஒருத்தன் சட்டைய ஒருத்தன் புடிச்சிக்கினு நிக்கிறாங்க. பொழுது சாயறதுக்குள்ள வந்து சரி பண்ணுங்க. இல்லன்னா உங்க பொட்டிய நீங்களே தூக்கிக்கினு போயிடுங்க!"

தேவானந்தம் அடுத்த பஸ்ஸைப் பிடித்தார். மண்டியில் சீட்டு அடிக்கும் அந்தப் புரோகிராம் அவர் எழுதியதல்ல. நகரிக்காரரான நாகபூஷணம் அந்த மண்டிக்கென்றே எழுதியது. பம்பாயில் வேலை கிடைத்துப் புறப்படுகிறவர் அதை விற்றார். பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியே காலம் தள்ளிய சென்டருக்குச் சொந்தச் சரக்கு என்று ஒன்று கிடைத்ததே என்று தேவானந்தம் வாங்கினார். இந்த மண்டியில் நன்றாக ஓடினால் தெருவிலுள்ள மற்ற மண்டிகளும் வாங்கும். ஓடாவிட்டால் ஒருவரும் சீந்தமாட்டார்கள்.

வாங்கிய கையோடு அதைப் படித்தும் பார்த்தார். ஒரே இடத்தில்தான் எரிச்சல் வந்தது. நடுவில் அமாவாசைத் தேதிகளாக அடுக்கியிருந்தது. அன்றைக்கு மெஷினைப் போட்டால், 'இன்று அமாவாசை, மண்டி லீவு, கை வைக்காதே' என்று இங்கிலீஷில் காட்டிவிட்டு அப்படியே நின்றுவிடும். மண்டிக் குமாஸ்தா அண்ணாதுரையைக் கேட்டார்.

"அன்னிக்கி மெஷினுக்குப் பொட்டு வெச்சி, கற்பூரம் காட்டி, ஆன் பண்ணிட்டுப் பூட்டிக்கினு போயிடுவோம் சார். சாயங்காலம் வந்து நிறுத்துவோம்."

தேவானந்தம் பழைய மிஷன் குடும்பத்துப் பிள்ளை. "கம்ப்யூட்டருக்குமா அமாவாசை?" என்று மனைவி யூனிஸிடம் சொல்லிச் சிரித்தார்.

"ஞானஸ்நானம் குடுத்துடுங்க, சரியாப் போவும்" என்றாள் அவள்.

தேதிகளையும், அவற்றின் கீழே நீளமாக ஓடிய வரிகளையும், படிக்காமலேயே வெட்டி எறிந்தார். நேற்று அமாவாசை. மண்டிக்காரர்கள் பழக்கப்படி மெஷினைப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அது சும்மாவே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

சித்தூரில் இறங்கியதும் மண்டிக்குப் போக அவருக்குத் தைரியம் வரவில்லை. நேரே அந்த ஊரில் நாகபூஷணம் தங்கியிருந்த அறைக்கு ஓடினார். அவர் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டதும் கையிலிருந்த கயிற்றைப் போட்டுவிட்டார்.

"அமாவாசைய எடுத்துட்டீங்களா? எந்துக்கண்ணா? எதுக்கு எடுத்தீங்க?"

"பூஜை சமாச்சாரம்னு நெனச்சிட்டேன்."

"அய்யோ! மண்டியில அமாவாசைக்கி அமாவாசதானே கணக்கு? மறுநா வர்ற மொத வெல்லக் குவியலுக்குத் திரும்பவும் ஒண்ணாம் நம்பர். பழைய ஒண்ணாம் நம்பர எடுத்து ஓரமா வெக்காம உட்டா, போன மாசத்துக்காரன் பேருதானே வரும்? அத எடுத்து வெக்க அந்த மெஷினுக்கு அரைப் பகல் ஆவும். நடுவுல எவனாச்சும் நிறுத்திட்டா அவ்ளோதான். லீவுன்னு போட்டா ஒருத்தனும் கை வெக்கமாட்டான்."

"எங்கிட்ட சொல்லலியே?"

"சித்தூர்ல பொறந்தவருக்கு மண்டி அமாவாசைய நான் சொல்லணுமா?"

பள்ளிக்கூடம் போகும் வழியில் அந்தத் தெரு மாதம் ஒரு நாள் பூட்டிக் கிடந்ததைப் பத்து வருஷம் பார்த்தவர் தேவானந்தம். கூட்டம் இல்லாமல் சைக்கிள் விட வசதியாக இருக்கும் என்பதற்குமேல் அதைப் பற்றி எதுவும் தோன்றியதில்லை.

இருவருமாக மண்டிக்குப் போனார்கள். நாகபூஷணம் எதையும் வெட்டாத பழைய பிளாப்பியைப் போட்டார். காலையில் ஏற்றியதையெல்லாம் அழித்துவிட்டு, மெஷினின் தேதியை ஒரு நாள் பின்னால் தள்ளினார். 'இன்று அமாவாசை' என்று திரை நின்றது.

"சாயங்காலம் வரைக்கும் யாரும் தொடக்கூடாதுங்க" என்றார் தேவானந்தம்.

முனிரத்தினம் திரையை முறைத்தார். "நேத்து போன அமாவாச இன்னிக்கி எப்படி சார் வந்துச்சி?"

"மெஷினுக்கு மட்டும்."

"அப்போ கற்பூரம் காட்டணுமே! டேய் அண்ணாதுரை!"

கற்பூரத் தட்டு சுற்றி வந்தபோது தேவானந்தம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெஷினுக்கு முன்னால் காவல் நின்றார். அங்கிருந்து அசையவே இல்லை. வெயில் தாழ்ந்த பிறகு திரை மாறியது. காலையில் எழுதி வைத்த குவியல்களை அண்ணாதுரை மறுபடி ஏற்றினான். முதல் சீட்டைப் புத்தலப்பட்டுக்காரர் வாங்கி, படிக்கத் தெரிந்த இன்னொருவரிடம் நீட்டினார். "உன் பேருதான்" என்றார் அந்த ஆள்.

"சரி, பொட்டி இருக்கட்டும்" என்றார் முனிரத்தினம்.

பஸ் ஸ்டாண்டில், பம்பாய்க்குப் புறப்பட்ட நாகபூஷணம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்ததும் தேவானந்தம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, இதுமாதிரி உள்ள இன்னும் எதாச்சும் இருக்குதா?"

நாகபூஷணம் நெற்றியைத் தடவினார். "சங்கராந்திக்கி ஒண்ணு போட்ட மாதிரி ஞாபகம்... இன்னான்னுதான் தெரியலண்ணா."

பஸ் நகர்ந்துவிட்டது. கம்பியைப் பிடித்திருந்த கை அந்தரத்தில் அப்படியே நின்றது.