இரண்டு விரல் இடம்

1

இந்தக் கதை ஒரு கூட்டக் குறிப்பிலிருந்து வந்தது. 1971 பிப்ரவரி, காஞ்சிபுரத்தில் ஒரு பாலிடெக்னிக்கின் மாடி அறை. மேசைத் தலைப்பில் முதல்வர் பஞ்சாட்சரம். அவருக்கு வலப்பக்கம், அம்பத்தூர்த் தொழிற்சாலையிலிருந்து வந்திருந்த வேணுகோபால். எதிரே, நீராவி இயந்திரப் பாடம் நடத்தும் காசிநாதன். பீரோவை ஒட்டி ஸ்டூலில் நான், குறிப்பெழுதும் குமாஸ்தா.

(வேறு தொடக்கமும் எழுதிப் பார்த்தேன்: 'கோபுரத்தின் மேல் மேகங்கள்…' கோபுரம் தெரியும் ஜன்னலை பீரோ மறைத்திருந்தது. அடித்துவிட்டேன்.)

2

வேணுகோபால் சொன்னது: அவர்களிடம் கொதிகலன் கிடையாது, எல்லாம் மின்மோட்டார். இங்கிருந்து வரும் பையன்களுக்கு நீராவி தெரிகிறது, மோட்டாருக்குக் கம்பிச்சுருள் கட்டத் தெரியவில்லை. ஒருவனைத் தவிர. தென்னேரி தணிகாசலம், பயிற்சிக்குப் போன இடத்தில் நின்றுபோன மோட்டாரை ஓடவைத்தவன். டிப்ளமா வந்ததும் வேலை; டிசம்பர்வரை இடம் காத்திருக்கும்.

தணிகாசலம் தவறியிருந்தது ஒரே தாளில். நீராவி.

அந்தப் பாடத்தை நீக்கி மின்மோட்டாரை வைக்கும்படி சென்னையிலுள்ள தொழில்நுட்பக் கல்வி இயக்குநருக்கு எழுதுவது, பட்டறையிலுள்ள நீராவி இஞ்சினை ஏலம் விடுவது என்று தீர்மானமாயிற்று. காசிநாதனும் தலையாட்டினார். (அவர் முகம் அப்போது… வேண்டாம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார், அவ்வளவே.)

பழைய தாளில் தவறியவர்கள் என்ன செய்வார்கள் என்று யாரும் கேட்கவில்லை. எனக்குத் தோன்றியது. குமாஸ்தா கூட்டத்தில் பேசும் வழக்கமில்லை.

3

மறுநாள் தணிகாசலம் என் மேசைக்கு வந்தான்.

"அப்ப என் பேப்பர் போயிடுச்சா சார்?"

"மாத்துறது புதுசா சேர்றவங்களுக்குத்தான்பா. நீ பழைய பேப்பரைத்தான் எழுதணும்."

"பிராக்டிகலுக்கு இஞ்சினு?"

"ஏலத்துல போகுது."

சிரித்தான். "என்னால பாடத்தையே மாத்துறாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு வந்தேன் சார். நல்லா இருக்குது."

4

கதைக்கு ஒரு வரி போதும். காசிநாதன் எழுந்து, 'தவறியவர்களும் புதுத் தாளை எழுதலாம்' என்கிறார்; நான் குறித்துக்கொள்கிறேன். இரண்டு முறை எழுதினேன். நம்பும்படிதான் இருந்தது. ஆனால் அவர் எழவில்லை.

சென்னைக்குப் போகும் கடிதத்திலும் ஒரு வரிக்கு இடமிருந்தது. கடைசித் தீர்மானத்துக்கும் முதல்வர் கையெழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் அகலம். எழுத்து முழுக்க என்னுடையது. கையெழுத்திட்டபின் அவர் மறுபடி படிப்பதில்லை. கண்டுபிடித்தால் என் வேலை போகும். கண்டுபிடிக்காவிட்டால்…

5

வாசகரே, உங்கள் முடிவை அந்த இடத்தில் எழுதிக்கொள்ளுங்கள். நாலு மணிவரை தாள் என் முன்னால் திறந்தே கிடந்தது. பிறகு பேனாவை மூடினேன். தாளை மடித்தேன், இரண்டு விரல் வெள்ளையும் உள்ளே போயிற்று. உறையில் பசை தடவி ஒட்டி, தபாலில் சேர்த்தேன்.