பெயர் எழுதாத ஜெபக்குறிப்பு

பேர் எழுதவில்லை, அதனால் பாவமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அப்படிச் சொல்லியே இரண்டு வருஷம் நிம்மதியாகத் தூங்கினேன். இன்றைக்கு நினைத்தால் என் கன்னத்தில் நானே இரண்டு அறை விடத் தோன்றுகிறது.

எங்கள் சபையிலிருந்து வெளிநாட்டுக்குப் போகும் கடிதமெல்லாம் என் கையால் போவதுதான். மிஷன் ஆஸ்பத்திரியில் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவள் நான். இங்கிலீஷ் தெரியும். தெரியும் என்கிற திமிரும் உண்டு, அதை மறைப்பானேன். ஸ்காட்லாந்தில் ஒரு சின்ன ஊர்ச் சபை எங்களுக்கு ஜெபத்துணை. மாதாமாதம் நாங்கள் ஜெபக்குறிப்பு அனுப்புவோம். புதன்கிழமை சாயந்திரம் அவர்கள் கூடி, ஒவ்வொன்றாகப் படித்து எங்களுக்காக ஜெபிப்பார்கள்.

ஆரம்பத்தில் ஓய்வுநாள் பள்ளிக்காக, பாடகர் குழுவுக்காக, மலேரியா குறைய என்றுதான் எழுதிவந்தேன். ‘நன்றி, ஜெபிக்கிறோம்’ என்று ஒரு வரி பதில் வரும். சில மாதம் அதுவும் வராது. ஒரு தடவை, கிணற்றடியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஒரு தாயைப் பற்றி எழுதினேன். ஒன்பது கடிதம் வந்தது. அதில் ஒன்று, எழுதும்போதே அழுதுவிட்டதாகச் சொன்னது. போதகர் நியிரோங்கோ ஆராதனையில் அதைப் படித்துக் காட்டி, “நம்ம நியாலோங்வே எழுதினா கல்லும் கரையும்” என்றார். சபையே திரும்பி என்னைப் பார்த்தது. அன்றைக்குத் தலைக்கு ஏறினது இறங்கவேயில்லை.

எங்கள் மாதர் சங்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வெள்ளிக்கிழமை விடியலில் இரண்டிரண்டு பேராகப் பிரிந்து, சபைக்குப் பின்னால் மாமரத்தடிகளில் போய் முழங்காலில் நிற்போம். வருஷத் தொடக்கத்தில் சீட்டுக் குலுக்கி ஜோடி போடுவது. ஜோடியிடம் சொன்னது அந்த மரத்தடியோடு போச்சு. புருஷனிடமும் சொல்லக் கூடாது, போதகரிடமும் சொல்லக் கூடாது. அந்த வருஷம் எனக்கு ஜோடியாக வந்தவள் எனெலெசி. ஊரில் அவளைக் கும்போ அம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். சங்கத்தின் தலைவி, விதவை, வாய் ஓயாமல் கிண்டல் பேசுகிறவள்.

அவளுடைய ஒரே மகன் கும்போ எல்லை தாண்டி ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலை தேடிப் போனவன். அதை நாங்கள் ஜோனி என்போம். ஜோனிக்குப் பிள்ளையை அனுப்பாத வீடு எங்கள் பக்கத்தில் ஏது? கும்போவுக்கு அங்கே கிடங்கில் வேலை கிடைத்தபோது இவள் ஒரு வெள்ளாட்டைச் சபைக்கு ஓட்டிவந்து நன்றி சாட்சி சொன்னாள். அந்த ஆடு சாட்சியின் நடுவில் கத்திக் கத்தி எல்லோரையும் சிரிக்க வைத்தது.

ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஜெபிக்கத் தொடங்காமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டே இருந்தாள்.

“என்ன கும்போ அம்மா, சாமிய இன்னிக்கு காக்க வெக்கிறியா?” என்றேன்.

“கும்போ ஜெயில்ல இருக்கான்” என்றாள். “கடைய ஒடச்ச கூட்டத்துல இவனும் இருந்தானாம். ஏழு வருஷம் போட்டுட்டாங்க.”

பிடுங்கின புல்லைக் கீழே போட்டாள்.

“ஊருல யாராச்சும் கேட்டா, வேலையில இருக்கான், நல்லா இருக்கான்னு சொல்லிட்டு வர்றேன். போன கிறிஸ்மஸுக்கு சபையில எந்திரிச்சு வேற சொன்னேன். பொய்தான். வேற வார்த்த வாயில வரமாட்டேங்குது, நியாலோங்வே. அவன் அப்பா செத்தப்ப மாட்ட வித்து அவன அனுப்பி வெச்சவங்க இந்த ஊர்க்காரங்க. அவங்க மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?”

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்த அழுகை நிஜம். எங்கள் சங்கத்தில் சபை முன்னால் சொன்ன பொய் வெளிப்பட்டால் சங்கத்து அடையாளமான வெள்ளைத் தலைத்துணியைக் கழற்றி வாங்கிவிடுவார்கள். தலைவியாக இருந்து அவளே மூன்று பேரிடம் வாங்கியிருக்கிறாள். இது வெளியே வந்தால் அவள் தெருவில் நடக்கமுடியாது என்பது எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன்.

மறுநாள் அந்த மாதக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கை குறுகுறுத்தது. ‘ஒரே மகன் ஜோகன்னஸ்பர்க்கில் சிறையில் இருக்க, அவன் வேலையில் இருப்பதாக ஊரிடம் சொல்லிவரும் ஒரு விதவைத் தாய்க்காக ஜெபியுங்கள். பொய்யின் பாரத்திலிருந்து ஆண்டவர் அவளை விடுவிப்பாராக’ என்று எழுதினேன். அந்தக் கடைசி வரியை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்து ரசித்தேன். பேர் போடவில்லையே, ஜெபத்துக்குத்தானே கேட்கிறோம், புறணி பேசவில்லையே என்று மனசுக்கு ஒரு சமாதானம்.

முப்பத்தொரு பதில் வந்தது. அதற்கப்புறம் மாதம் தவறாமல் அந்தத் தாய் எப்படி இருக்கிறாள் என்று கேட்டார்கள். நானும் மாதம் தவறாமல் தீனி போட்டேன். மகன் பேரைச் சொன்னாலே அழுகிறாள் என்று ஒரு மாதம். கிறிஸ்மஸ் அன்று சாப்பாட்டைத் தொடவில்லை என்று இன்னொரு மாதம். எழுத ஒன்றும் இல்லாத ஒரு மாதம், மெலிந்துவிட்டாள் என்று எழுதினேன். கும்போ அம்மாவா மெலிகிறவள்? சபைக் கதவில் பக்கவாட்டாகத்தான் நுழைவாள். இப்படியெல்லாம் எழுதிவிட்டு வெள்ளிக்கிழமை அவளோடு போய் முழங்காலிலும் நின்றேன். அடுத்த வருஷம் சீட்டில் வேறு ஜோடி விழுந்தபோது அவள், “எனக்கு நியாலோங்வேயே இருக்கட்டும்” என்று கேட்டு மாற்றிக்கொண்டாள்.

இந்த ஜூன் மாதம் ஸ்காட்லாந்துச் சபையிலிருந்து ஆறு பேர் எங்களைப் பார்க்க வந்தார்கள். எங்களுக்கு அது குளிர்காலம், நல்ல குளிர். வந்தவர்களில் மூத்தவர் அய்லீன் அம்மா, எழுபது வயசிருக்கும், எனக்கு அதிகமாகப் பதில் எழுதினவர் அவர்தான். ஞாயிறு ஆராதனையில் அவர் வாழ்த்துச் சொல்ல, நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்க்க வேண்டும். புதுத்துணி கட்டிக்கொண்டு நின்றேன். வரப்போவது ஒன்றும் தோன்றவில்லை எனக்கு, அவ்வளவு பெரிய புத்திசாலி நான்.

வாழ்த்து நன்றாகத்தான் போனது. பிறகு அய்லீன் அம்மா பையிலிருந்து ஒரு சால்வையை எடுத்தார். கம்பளி நூலில் சதுரம் சதுரமாகப் பின்னி இணைத்தது. தங்கள் சபைப் பெண்கள் நாற்பது பேர் ஆளுக்கொரு சதுரம் பின்னியதாகச் சொன்னார். ஒவ்வொரு சதுரத்தையும் பின்னும்போது ஜெபித்தார்களாம். அதுவரை மொழிபெயர்த்தேன்.

“ஜோகன்னஸ்பர்க் சிறையில் மகனை வைத்திருக்கும் அந்தத் தாய்க்காக இரண்டு வருஷம் ஜெபித்தோம்” என்றார் இங்கிலீஷில். “அவர் இங்கே இருப்பார். எழுந்து நின்றால் இதை அவருக்குப் போர்த்த வேண்டும்.”

கும்போ அம்மா மூன்றாவது வரிசையில், வெள்ளைத் தலைத்துணியோடு, சால்வையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“இந்தச் சால்வை நம்ம சபைத் தாய்மார் எல்லாருக்கும் பரிசாம்” என்று எங்கள் பாஷையில் சொன்னேன்.

கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த இங்கிலீஷ் வாத்தியார் சிபேத்தா தட்டவில்லை. அவருக்கு ஒரு எழுத்துப் பிசகினாலும் பொறுக்காது.

“அம்மா, அவங்க அப்படிச் சொல்லலியே” என்றார். “ஜோனி ஜெயில்ல மகன் இருக்கிற ஒரு தாய எந்திரிக்கச் சொல்றாங்க. நம்ம சபைத் தாயாம்.”

கைத்தட்டல் அப்படியே நின்றது. ஒவ்வொரு தாயும் பக்கத்திலிருந்தவளைப் பார்த்தாள். எத்தனை பேருடைய பிள்ளைகள் அங்கே இருக்கிறார்கள், அத்தனை பேருக்கும் நெஞ்சு அடித்திருக்கும். பேர் போடாததன் லட்சணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒருத்திக்கு எழுதின குறிப்பு எல்லோர் மடியிலும் விழுந்தது.

வெசி அம்மா எழுந்துவிட்டாள். அவள் மகனிடமிருந்து மூன்று வருஷமாக ஒரு தகவலும் இல்லை. இருக்கிறானா செத்தானா என்றுகூட அவளுக்குத் தெரியாது.

“நியாலோங்வே, என் வெசியா? நீதான கடுதாசி எழுதுற, உனக்குத் தெரியும். என் புள்ளயா ஜெயில்ல இருக்கான்? உசுரோட இருக்கானா? சொல்லு தாயி.”

இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொன்னால் பிறகு யார் என்று கேட்பார்களே. உனக்கு எப்படித் தெரியும், யார் சொல்லி எழுதினாய் என்று கேட்பார்களே. கும்போ அம்மாவைக் காப்பாற்றத்தான் வாயை மூடிக்கொண்டேன் என்று சொல்ல ஆசைதான். அது பொய். என்னைத்தான் காப்பாற்றிக்கொண்டேன். வெசி அம்மா நடுங்கிக்கொண்டு நிற்க, நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் வாழ்நாளில் இதைவிடக் கேவலமாக நான் நின்றதில்லை.

“உக்காரு, வெசி அம்மா.”

கும்போ அம்மாவின் குரல். எழுந்து நின்றிருந்தாள்.

“உன் புள்ள இல்ல. என் புள்ளதான்.”

வரிசையை விட்டு வெளியே வந்து, நடுவழியில் நடந்து முன்னால் வந்தாள். வரும்போதே தலைத்துணியை அவிழ்த்தாள். அதை மடித்துப் பிரசங்க மேடையின் படியில் வைத்தாள். நரைத்த வெறுந்தலையோடு என் எதிரே நின்றாள்.

“நான் பேசுறத இந்தம்மாவுக்குச் சொல்லு, நியாலோங்வே. இந்தத் தடவ சரியாச் சொல்லு. வாத்தியார் கேட்டுட்டு இருக்காரு.”

தலையாட்டினேன்.

“என் மகன் கும்போ ஜெயில்ல இருக்கான். சபை முன்னாடி பொய் சொன்னேன். தப்புதான்.”

சொன்னேன்.

“கடவுள்கிட்ட சொன்னேன். மனுசங்கள்ல ஒரே ஒரு ஆள்கிட்ட சொன்னேன், மாமரத்தடியில.”

அவள் காத்திருந்தாள். சபையும் காத்திருந்தது. சொன்னேன்.

“அந்த ஆளு யாருன்னும் சொல்லு. நம்ம பாஷையிலயும் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.”

“நான்தான்” என்றேன், இரண்டு பாஷையிலும். முந்தின வருஷங்களில் என்னோடு மாமரத்தடியில் ஜோடி நின்றவர்கள் எத்தனையோ பேர் அங்கே பெண்கள் வரிசையில். அவரவர் என்னிடம் சொன்னதை அவரவர் நினைத்துப் பார்த்தது முகத்தில் தெரிந்தது.

அய்லீன் அம்மாவுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்? கண்ணீரோடு வந்து கும்போ அம்மாவுக்குச் சால்வையைப் போர்த்தினார். பிறகு என் தோளில் கைபோட்டு, “இவ்வளவு காலம் அவளுக்கு உன்னைப் போல ஒரு தோழி இருந்தது எத்தனை பெரிய கிருபை” என்றார்.

“என்ன சொல்றாங்க?” என்று கேட்டாள் கும்போ அம்மா.

தப்பிக்க வழியில்லை. அவள் கண்ணைப் பார்த்து, ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

“ஓகோ” என்றாள். “நான் எழுதச் சொல்லித்தான் நீ எழுதினேன்னு நெனச்சுட்டு இருக்காங்க போல.”

அதை எனக்குச் சொன்னாளா, மொழிபெயர்க்கச் சொன்னாளா தெரியாது. நானே இங்கிலீஷில் சொன்னேன். அவள் எழுதச் சொல்லவில்லை, எழுதியது அவளுக்குத் தெரியாது, நீங்கள் ஜெபிப்பதும் அவளுக்குத் தெரியாது, மெலிந்துபோனாள் என்றதெல்லாம் நான் கட்டினது என்றேன்.

அய்லீன் அம்மாவின் கை என் தோளிலிருந்து இறங்கியது. அவர் முகமும் வெளுத்துப்போனது. இரண்டு வருஷம் புதன்கிழமைதோறும் ஒரு பெண்ணின் வீட்டு விஷயத்தை அவளுக்குத் தெரியாமல் நாற்பது பேர் வாயில் போட்டுப் பேசியிருக்கிறோம் என்று அவருக்கும் உறைத்திருக்க வேண்டும். போர்த்திய சால்வையைத் திரும்ப எடுப்பதா, விடுவதா என்று தெரியாமல் கையை நீட்டியபடி நின்றார்.

கும்போ அம்மா சால்வையை இழுத்துக் கழுத்தோடு சுற்றிக்கொண்டாள்.

“குளிருது. இது என்கிட்டயே இருக்கட்டும்னு சொல்லு” என்றாள். “என் புள்ளைக்காக ஜெபம் பண்றதையும் நிறுத்த வேணாம்னு சொல்லு. அவன் பேரு கும்போ, பேரச் சொல்லியே பண்ணட்டும். உன் கடுதாசி மட்டும் இனிமே போதும்.”

அதையும் நான்தான் மொழிபெயர்த்தேன்.