இன்னும் கொஞ்சம் பேஸ்

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். ஒருவருடைய இடத்தில் நான் போய் உட்கார்ந்ததால் கிடைத்த கதை இது. எங்கள் இசைக்குழுவில் பதினான்கு வருடம் பேஸ் கிட்டார் வாசித்தவர் விலகிக்கொண்டார். பாட்டுக்கு அடியில் ஓடுகிற அந்தக் கனத்த சத்தத்தை இப்போது கீபோர்டில் என் இடது கை வாசிக்கிறது.

யாரிடமும் சொல்லமாட்டேன் என்று அவருக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். எழுதமாட்டேன் என்று கொடுக்கவில்லை. (கெட்டிக்காரத்தனமான வாக்கியம் என்று நினைக்காதீர்கள். வாக்குத் தவறப்போகிறவன் முதலில் தேடுகிற சந்து இதுதான்.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"மண்டபம் அதிர்ந்துகொண்டிருந்தது. பேஸ்காரர் மட்டும் அசையாமல்..." வேண்டாம். சினிமா விளம்பரம்.

"பேஸ் என்பது வீட்டுக்கு அஸ்திவாரம் மாதிரி..." எல்லாரும் சொல்வது. தவிர, அஸ்திவாரம் ஓரிடத்தில் இருக்கும். பேஸ் அப்படியா? ஒரே மண்டபத்தில் முன்வரிசைக்கு ஒன்று, பின்வரிசைக்கு ஒன்று, மூலைக்கு ஒன்று.

"ஓர் அண்ணனும் தங்கையும்..." சரி, இதையே பிடித்துக்கொள்கிறேன்.

3

பேஸ்காரருக்குப் பகலில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. மிக்சர் என்கிற ஒலிப்பலகைக்கு முன் உட்கார்ந்து எங்கள் ஒலியைச் சரிசெய்கிறவள் அவருடைய தங்கை. கணவன் விட்டுவிட்டுப் போன பிறகு இரண்டு பெண் பிள்ளைகளையும் அந்த மிக்சரை நம்பித்தான் வளர்க்கிறாள். குழுவில் அவளுக்குப் பட்டப்பெயர் 'காது'. "காது வந்தாச்சா?" என்று கேட்ட பிறகுதான் பாடகர் மேடையேறுவார்.

மேடைக் கச்சேரியில் பேஸை ஒழுங்காகக் கேட்கவைப்பது வம்பு பிடித்த வேலை. கூட்டினால் மண்டபம் முழுக்கக் கொழகொழவென்று ஒரே உறுமல், பாட்டின் வரி புரியாது. குறைத்தால் பாட்டு அந்தரத்தில் தொங்கும். தங்கை பெரிய ஸ்பீக்கர்களைச் சுவர் மூலையிலிருந்து இழுத்துத் தள்ளி வைப்பாள். அண்ணனின் கிட்டாரை ஒரு சின்னப் பெட்டி வழியாக நேரே மிக்சருக்கு எடுப்பாள். அடியில் தேவையில்லாத உறுமலை வெட்டுவாள், மொத்தையான இடத்தைச் செதுக்குவாள், கால் டிரம்மின் அடி விழ ஓர் இடம் விடுவாள். கடைசியில் விரல் தந்தியைத் தொடுவதுகூடக் கேட்கும்.

அப்படி அமைந்த நாளில் பேஸை யாரும் பாராட்டமாட்டார்கள். "இன்னிக்குப் பாட்டெல்லாம் நல்லா இருந்துச்சு" என்பார்கள். அண்ணனும் தங்கையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள்.

4

போன வருடம் அது கெட ஆரம்பித்தது. போகிற இடமெல்லாம் மண்டபம் உறுமியது. ஒரு கல்லூரி ஆண்டு விழாவில் முன்வரிசைக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டு எழுந்து போனார்கள். பாடகர் பாட்டை முடித்த கையோடு மிக்சரிடம் ஓடினார்.

"என்ன இது, இடி இடிக்குது?"

"பேஸே வரலைங்க" என்றாள் தங்கை. "அண்ணன் விரல்ல முன்ன மாதிரி பலமில்ல. பாவம், நான்தான் தூக்கித் தூக்கி விட்டுட்டிருக்கேன்."

விஷயம் குழு முழுக்கப் பரவிற்று. பேஸ்காரர் தந்தி மாற்றினார். வயர் மாற்றினார். அந்தச் சின்னப் பெட்டியையும் மாற்றினார். நாற்பத்தெட்டு வயதில், அன்றைக்குத்தான் கிட்டாரைத் தொட்டவர்போல, விடிந்ததும் ஒரு மணி நேரம் ஒரே சுரத்தை ஒரே அளவாக வாசித்துப் பழகினார்.

(முதல் வரைவில் தங்கையைப் பொறாமைக்காரியாக எழுதியிருந்தேன். வில்லி ஒருத்தி இருந்தால் கதை தானே நடக்கும். ஆனால் அவள் செய்ததெல்லாம் அண்ணன் மானம் போகக்கூடாதென்று, மிக்சரில் அவர் சத்தத்தைக் கூட்டுகிற ஃபேடரை மேலே தள்ளியதுதான். தள்ளத் தள்ளத்தான் மானம் போயிற்று.)

5

ஒரு நாள் சாயங்காலம் சவுண்ட் செக். மற்றவர்கள் இன்னும் வரவில்லை. பேஸ்காரர் நீள வயரை மாட்டிக்கொண்டு மேடையிலிருந்து இறங்கி, காலி நாற்காலிகளுக்கு நடுவில் நின்று நின்று வாசித்துக் கேட்டார். கடைசியில் தங்கைக்குப் பின்னால் வந்து நின்றார். அவள் மிக்சர்மேல் குனிந்திருந்தாள். அவர் கிட்டாரில் டோன் குமிழைத் திருகி, மேல் சத்தம் மொத்தத்தையும் அடைத்து, அடிச்சத்தத்தை மட்டும் விட்டு, ஆகத் தடித்த தந்தியை மெல்லத் தட்டினார்.

பக்கத்திலிருந்த டீ டம்ளரில் வளையம் வளையமாக அலை எழுந்தது.

"அண்ணா, எங்க இருக்க? வாசி" என்றாள் தங்கை, திரும்பாமல்.

அவர் மறுபடி தட்டினார்.

"வாசிண்ணா. நேரமாகுதுல்ல?"

(காலில் அதிர்வு தெரிந்திருக்காதா என்று கேட்பீர்கள். நானும் அவரிடம் கேட்டேன். "வெளிய ஜெனரேட்டர் ஓடிட்டிருந்துச்சு. தரை ஏற்கெனவே நடுங்கிட்டுதான் இருந்துச்சு" என்றார். எதைக் கேட்டாலும் பதில் வைத்திருந்தார். அத்தனை முறை யோசித்துப் பார்த்திருக்கிறார்.)

அவர் டோன் குமிழைத் திறந்துவிட்டு வாசித்தார்.

"ஆங், இப்ப லேசா வருது. இரு, இன்னும் கொஞ்சம் பேஸ் தர்றேன்" என்று அவள் ஃபேடரைத் தள்ளினாள்.

6

அந்த நிமிடத்தில் அவர் மனம் எப்படி...

இதற்கு அரைப் பக்கம் எழுதி அடித்தேன். அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்: "எனக்கு சந்தோஷமா இருந்துச்சு தம்பி. விரல் போகலன்னு. அந்த ஒரு நிமிஷ சந்தோஷத்த நான் எங்க கொண்டுபோய்க் கழுவுறது?"

ஒரு வாரம் கழித்து, "காது டாக்டர் ஒருத்தர் இருக்காரு, ஒரு தடவ போயிட்டு வருவோமா?" என்று தங்கையிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார்.

"எதுக்கு, உன் விரலுக்கா?" என்று அவள் சிரித்திருக்கிறாள். அவரும் சேர்ந்து சிரித்துவிட்டார்.

மறுநாள் பாடகரிடம் போய், விரலில் தீராத வலி என்று சொல்லி விலகிக்கொண்டார். சவுண்ட் போடுகிறவளுக்குக் காது சரியில்லை என்று ஒரே ஒரு மண்டபத்தில் பேச்சுக் கிளம்பினால் போதும், அப்புறம் அவளை எவரும் கூப்பிடமாட்டார்கள்.

7

என் இடது கை வாசித்த முதல் நிகழ்ச்சியிலும் மண்டபம் உறுமியது. எனக்கு விளங்கிவிட்டது. அவர் வேலை செய்யும் கட்டடத்துக்குப் போனேன். லிஃப்ட் குழிக்குள் நின்றிருந்தார்.

"அண்ணே, உங்க விரல்ல ஒண்ணுமில்லதானே?"

மேலே ஏறி வந்து, கிரீஸ் கையைத் துடைத்தபடியே எல்லாவற்றையும் சொன்னார்.

"சீக்கிரம் டாக்டர்கிட்ட காட்டினா சரியாகும்ல?" என்றேன்.

"ஆகலன்னா?"

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் வாக்கு வாங்கிக்கொண்டார். அவர் மறுபடி குழிக்குள் இறங்கினார்.

இப்போது அவர் கிட்டாரைத் தொடுவதே இல்லை. சொன்ன பொய்யைக் காப்பாற்ற விரலில் துணிக்கட்டு. ஞாயிறுதோறும் தங்கை வந்து, அந்தக் கட்டைப் பிரித்து, தைலம் தேய்த்துவிடுகிறாளாம். "வலிக்குதாண்ணா?" என்று கேட்கிறாளாம். வலிக்கிறது என்கிறாராம்.

8

முடிவுக்கு வருவோம்.

முதலாவது முடிவு: அவள் டாக்டரிடம் போகிறாள், காது சரியாகிறது, அண்ணன் மறுபடி மேடையேறுகி... எழுதும்போதே கை கூசுகிறது.

இரண்டாவது: எனக்கும் விரல் வலி என்று நானும் விலகுகிறேன். வேறு ஒருவன் வருகிறான். அவனையும் அவள் பரிதாபப்பட்டுத் தூக்கித் தூக்கி விடுகிறாள். நடக்கக்கூடியது. எழுத மனம் வரவில்லை.

மூன்றாவது என் கையில் இல்லை. நேற்று மத்தியானம் அவளே போன் செய்தாள்.

"தப்பா எடுத்துக்காதீங்க. உங்க இடது கையும் எனக்குக் கேக்க மாட்டேங்குது."

அவளே தொடர்ந்தாள்.

"அண்ணனுக்கு அப்புறம் உங்களுக்குமா? ரெண்டு பேருக்கும் ஒரே கோளாறு எப்படி வரும்? ரெண்டு நாளா தூக்கமில்லங்க. கோளாறு எங்க இருக்குன்னு உங்களுக்குத் தெரிஞ்சா சொல்லிடுங்க. அண்ணன் உயிரே போனாலும் சொல்லமாட்டான்."

அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே இரண்டு விதமாக எழுதினேன். ஒன்றில், அண்ணன் இத்தனை மாதம் பட்டதெல்லாம் வீண். இன்னொன்றில், அவள் காதை இனி அடைத்து வைப்பவன் நான். இரண்டையும் அடித்துவிட்டேன். உங்களுக்குத் தைரியம் இருந்தால் அந்த இடத்தில் ஒரு வரி எழுதிக்கொள்ளுங்கள்.

இந்தப் பக்கத்தில் அவள் இன்னும் லைனில் இருக்கிறாள். பின்னால் சின்ன மகள் ஏதோ கேட்டு நச்சரிக்கிறாள். "இரும்மா" என்று அதட்டுகிறாள் அவள். "அவர் ஏதோ சொல்ல வர்றாரு."