செங்கல்பட்டில் எட்டு நிமிஷம்

…ஏறுங்கப்பா, போர்டைப் படிச்சது போதும், ஏறுங்க என்று அப்பாவின் முழங்கையைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நான் ஓட, எனக்கு முன்னால் வேதா பழக்கூடையையும் பெட்டியையும் சுமந்துகொண்டு ஓட, தாம்பரத்துக் கடைசி பிளாட்பாரத்தில் எங்களுக்காக நின்றுகொண்டிருந்தது விழுப்புரம் பாசஞ்சர் இல்லை, அதன் இடத்தில் சாயம் உரிந்து, கதவில்லாத வாசல்களோடு, பீச்சுக்கும் தாம்பரத்துக்கும் நடுவில் ஓடி ஓடித் தேய்ந்து ஷெட்டில் ஒதுக்கப்பட்ட பழைய மின்சார வண்டி, பாசஞ்சர் பெட்டிகள் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வரும்வரை தற்காலிகமாம்… தற்காலிகம்! பதினைந்தாம் தேதியோடு முடிகிற ஏற்பாடு, இன்று பத்தொன்பது, நான் லீவில் இருந்த நாலு நாளில் எவனோ நீட்டித்துவிட்டான், எனக்கு யார் சொல்வார்கள், சொல்லியிருந்தால் இந்தப் பக்கமே வந்திருப்பேனா? ஊதிவிட்டான், கிளம்பிவிட்டது, அப்பாவை ஜன்னலோரம் உட்கார்த்தி வைத்துவிட்டு நிமிர்ந்தால் தலைக்கு மேல் வரிசையாகக் கைப்பிடிகள் என்னைப் பார்த்து ஆடுகின்றன. அப்பா அவற்றைப் பார்க்கவில்லை. பெட்டியின் இந்தக் கோடியைப் பார்த்தார், அந்தக் கோடியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வல்லி, பாத்ரூம் எந்தப் பக்கம்மா?

எந்தப் பக்கமும் இல்லை. லோக்கல் வண்டியில் யார் கழிவறை வைப்பார்கள், முக்கால் மணி நேர ஓட்டத்துக்கு எதற்கு, ஆனால் இது விழுப்புரம் போகிறதே, மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆகுமே, பெட்டிக்குப் பெட்டி வழிகூடக் கிடையாதே… அப்பாவுக்கு எழுபத்திரண்டு வயது, சர்க்கரை, ப்ரஷர், காலையில் நீர் பிரிகிற மாத்திரை, ஒன்று போட்டால் மதியம்வரை நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் எழுந்து போக வேண்டும், இன்றைக்கு மட்டும் மாத்திரை வேண்டாம்பா என்றால் டாக்டர் திட்டுவார் என்று விழுங்கினார், விழுங்கிவிட்டு இரண்டாவது காபி வேறு. கோபம் கோபமாக வந்தது. எழுபத்திரண்டு வயதில் அந்த இரண்டாவது காபி இல்லாவிட்டால் என்ன? பஸ்ஸில் போகலாம் அக்கா, பெருங்களத்தூரில் ஏறிக்கொண்டால் டிரைவரிடம் சொன்னால் எங்கேயாவது ஓரமாக நிறுத்துவான் என்று வேதா ஒரு வாரமாகச் சொன்னாள், நான்தான் ரோட்டோரத்தில் முள்செடிக்குப் பக்கத்தில் அப்பாவை நிறுத்துவதா, ரயிலில் என் பாஸ் இருக்கிறது, பாத்ரூம் இருக்கிறது, கௌரவமாகப் போகலாம் என்று வாயை மூட வைத்தேன். இப்போது வேதா ஒன்றும் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை, சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைக்கலாம் இல்லையா, இப்படி வெளியே பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப் கூட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தால் நான் யாரோடு சண்டை போடுவது?

வேதாவுக்கு முப்பத்துமூன்று. விழுப்புரத்தில் மாப்பிள்ளையின் அப்பா கார் எடுத்துக்கொண்டு ஸ்டேஷனுக்கே வருகிறார், ஒன்றரைக்கு ராகு காலம் ஆரம்பம், அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஏற்கெனவே இரண்டு தரம் நாங்கள் தேதி மாற்றிவிட்டோம், ஒரு தரம் அப்பா ஆஸ்பத்திரியில், இன்னொரு தரம் எனக்கு அம்மை, மூன்றாவது தரமும் தள்ளிப்போனால் நாங்கள் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம் என்று கார்டில் எழுதிவிட்டார்கள், கார்டில், தபால்காரன்வரை படிக்கும்படி. அந்த மனிதர் முன்னால் அப்பா உலர்ந்த வேஷ்டியோடு இறங்க வேண்டும், நேரத்துக்கு இறங்க வேண்டும், வேறு எதுவும் கேட்கவில்லையே நான், ஒரு கிழவர் உலர்ந்த வேஷ்டியோடு ரயிலிலிருந்து இறங்குவது அத்தனை பெரிய ஆசையா? வண்டலூர் போய்விட்டது. மணி பத்தே கால்கூட ஆகவில்லை. செங்கல்பட்டுல நிப்பான் இல்லையோ என்றார் அப்பா. நிப்பான்பா என்றேன். பத்து நிமிஷம் நிப்பானே எப்பவும், எறங்கி காபியே சாப்பிடுவோமே. ஆமாம்பா. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை.

எதிர் சீட்டில் சீசன் டிக்கெட் ஆசாமி ஒருவர், செங்கல்பட்டு தாலுகா ஆபீஸில் வேலையாம், தினம் இந்த வண்டியில் நசுங்கிக்கொண்டு போகிற எரிச்சலையெல்லாம் எங்கள்மேல் கொட்டிக்கொண்டு வந்தார், மின்விசிறி சுற்றவில்லை, ஜன்னல் இறங்கவில்லை, மேட்டில் ஏறும்போது மாடு மாதிரி முனகுகிறது, கேட்க நாதியில்லை என்று. அப்பா சும்மா இருந்திருக்கலாம். பெண் பெருமை பேசாவிட்டால் அவருக்கு நேரம் போகாது. என் பொண்ணு ரயில்வே ஆபீஸ்லதான் இருக்கா, பன்னெண்டு வருஷ சர்வீஸ் என்று என்னைக் காட்டினார். அந்த ஆள் மெதுவாகத் திரும்பினார்.

“அப்படியா மேடம்? ரொம்ப சந்தோஷம். உங்க ஆபீஸ்ல யாராவது ஒரு தடவ இந்த வண்டில விழுப்புரம் போய்ப் பாத்துட்டு ஆர்டர் போட்டாங்களா? இல்ல, ஆபீஸ்ல கக்கூஸ் இருக்கு, அது போதும்னு விட்டுட்டாங்களா?”

சுற்றி நாலைந்து பேர் சிரித்தார்கள். எனக்குக் காது சுட்டது. பன்னிரண்டு வருஷமாகக் குரோம்பேட்டையிலிருந்து லோக்கலில் தொங்கிக்கொண்டு போய் வருகிறவள் நான், என்ன காரா பங்களாவா, உமக்கு மட்டும்தான் கஷ்டமா ஐயா, மேலே இருக்கிறவன் செய்வதற்கெல்லாம் கீழே இருக்கிறவள்தான் பதில் சொல்ல வேண்டுமா… என்று வாய்வரை வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அப்பா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, அவ செக்‌ஷன் வேற சார் என்று சொன்னார். அது இன்னும் எரிந்தது.

கூடுவாஞ்சேரியில் கொய்யாக் கூடையோடு ஒருத்தி ஏறினாள், ஐம்பது வயதிருக்கும், முன்கையில் ரத்தினபாய் என்று பச்சை குத்தியிருந்தது. ஏறினதும் கூடையை இறக்கி அதன்மேலேயே சாய்ந்து உட்கார்ந்தாள், விற்கவில்லை, அப்பாவையே பார்த்தாள். அப்பா அதற்குள் நெளிய ஆரம்பித்திருந்தார். காலைச் சேர்த்து, பிறகு மாற்றிப்போட்டு, மேல்துண்டை எடுத்து மடியில் வைத்து, உதட்டைக் கடித்து… பொத்தேரி, மறைமலை நகர், எல்லா ஸ்டேஷனிலும் நின்றது, அரை நிமிஷம், நின்றதும் அப்பா எழப் பார்ப்பார், எழுவதற்குள் நகர்ந்துவிடும். முழங்கால் மடக்கி நிமிரவே அவருக்கு அரை நிமிஷம் வேண்டும்.

“இன்னாம்மா, பெர்சுக்கு ஒண்ணுக்கா?” என்றாள் ரத்தினபாய் சத்தமாக. “இந்த வண்டி சனியனே இப்டித்தாம்மா. நா திண்டிவனம் வரிக்கும் போயி வித்துட்டு வரேன். இது ஓட ஆரம்பிச்ச நாள்லேந்து வூட்ல வாய்ல பச்சத்தண்ணி ஊத்தல. குட்ச்சா எங்க போறது? ஒரே கடுப்பா கீது கீழ. ஆம்பளயாச்சும் கதவாண்ட நின்னுக்குவான்.”

அவள் கூடைக்கு அடியிலிருந்து ஒரு டால்டா டப்பாவை எடுத்து நீட்டினாள், இந்தா, பொடவய மறைச்சுப் புட்ச்சிக்க, யாரும் பாக்க மாட்டாங்க என்றாள். அந்தப் பெண்பிள்ளைக்குள்ள மனசு! அப்பா அந்த டப்பாவைப் பார்த்த பார்வை… முப்பத்தைந்து வருஷம் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக் கொடுத்த மனிதர், சட்டையின் மேல் பட்டனைப் போடாமல் வாசலுக்குக்கூட வராதவர், தலையை மட்டும் ஆட்டினார், வேண்டாம் என்று. வேதா முதல்முறையாகப் பேசினாள், பரவாயில்லைப்பா, நான் மறைச்சுக்கறேன் என்று எழுந்தாள். உக்காருடி என்று அதட்டினார் அப்பா. அதட்டியதில் ஏதோ நழுவியிருக்க வேண்டும், உடனே கண்ணை இறுக மூடிக்கொண்டார். எனக்கு ரத்தினபாய்மேல் கோபம், வேதாமேல் கோபம், இதைக் கேட்டுக்கொண்டு பேப்பருக்குப் பின்னால் மறைந்துகொண்ட அந்த சீசன் டிக்கெட்மேல் கோபம். எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிறாள் இவள்? மூன்று வாரம் இருக்குமா? கணக்குப் போடாதே, போடாதே…

சிங்கப்பெருமாள் கோயில். பரனூர். ஏரி வந்தது. பக்கத்தில் ஏரி, பளபளவென்று அத்தனை தண்ணீர், அப்பா அந்தப் பக்கமே பார்க்காமல் காலடியைப் பார்த்துக்கொண்டிருந்தார். வல்லி, பத்து நிமிஷம் நிப்பானோல்லியோ? நிற்க வைப்பேன்பா என்றேன். நிப்பான் என்று ஏன் சொல்லவில்லை? வண்டி செங்கல்பட்டுக்குள் நுழையும்போதே நான் வாசலில் நின்றேன், அப்பாவை நீ கூட்டிக்கொண்டு போ, நான் ரயில் கார்டைப் பார்க்கிறேன் என்று வேதாவிடம் சொல்லிவிட்டு, முழுசாக நிற்பதற்குள் குதித்து, செருப்பு ஒரு பக்கம் நான் ஒரு பக்கமாகக் கடைசிப் பெட்டிக்கு ஓடினேன். திரும்பிப் பார்த்தால் அப்பா இறங்கிக்கொண்டிருக்கிறார், வேதா தோள் கொடுக்கிறாள், கழிவறை பிளாட்பாரத்தின் அந்தக் கோடியில், எந்த மகானுபாவன் கட்டினானோ அவ்வளவு தூரத்தில்.

கார்டு வாசலில் பச்சைக் கொடியோடு நின்றிருந்தார், சட்டையில் ஏசுபாதம் என்று பெயர் வில்லை, வயதானவர், நல்ல முகம், அதுவும் எரிச்சலாக இருந்தது, கெட்ட முகமாக இருந்திருந்தால் கத்த வசதி. ஐந்து நிமிஷம் சார், வயசானவர், அதோ பாருங்க, நானும் ரயில்வேதான் என்று மூச்சு வாங்கச் சொன்னேன். அவர் அப்பாவைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார்.

“பின்னாடி எக்ஸ்பிரஸ் வருதும்மா. ஆர்டர்ல ஒரு நிமிஷம்னு போட்டிருக்கான், நான் அஞ்சு நிமிஷம் நின்னா கண்ட்ரோல்ல என்னைக் கிழிச்சுடுவான்.” கொடியை மடக்காமலே பேசினார். “மூணு வருஷம் முந்தி இதே வண்டிய இதே மாதிரி விட்டாங்க. அப்ப கடைசில தனியா ஒரு பாரா, செங்கல்பட்டுல எட்டு நிமிஷம் நிக்கணும், வண்டில லெட்ரின் இல்ல, ஜனம் எறங்கிப் போயிட்டு வரட்டும்னு. பின்னாடி வர்ற எக்ஸ்பிரஸ்ஸ அதுக்கேத்த மாதிரி தள்ளி விட்டாங்க. இந்த வாட்டி அந்தப் பாராவையே காணோம். எந்த மகராசன் எடுத்தானோ. வேணும்னா பாருங்க, ஆர்டர் இங்கதான் இருக்கு.”

உள்ளே கையை விட்டு மடித்த தாளை எடுத்தார். வேண்டாம் சார் என்றேன். இல்ல, பாருங்கம்மா, அப்பறம் நான் பொய் சொல்றேன்னு நெனைப்பீங்க. வேண்டாம் என்று கத்தினேன், அவர் திகைத்துப்போனார், ஒரு கூலிக்காரன் திரும்பிப் பார்த்தான். சிக்னல் விழுந்துவிட்டது. மன்னிச்சுக்கம்மா என்று விசிலை வாயில் வைத்தார்.

வண்டி நகர்ந்தது. முன்னால் எங்கள் பெட்டி வாசலில் ரத்தினபாய் நின்று, எம்மா, சாமான் என்று கூவிக்கொண்டே எங்கள் துணிப்பெட்டியைக் கீழே தள்ளினாள், அடுத்து பழக்கூடை, ஆப்பிள்கள் பிளாட்பாரத்தில் உருண்டன, அவள் ஏதோ திட்டிக்கொண்டே போனாள், ரயிலையா என்னையா தெரியவில்லை. விழுப்புரத்துக்கு அடுத்த வண்டி மூன்று மணிக்கு மேல்.

அப்பா பாதி தூரத்தில் நின்றுவிட்டிருந்தார். நடக்கவில்லை. வேதா அவருக்கு முன்னால் போய், முந்தானையை அகலமாக விரித்துப் பிடித்துக்கொண்டு, எங்கேயோ கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் கிட்டே போனேன். அவர் காலடியில் சிமெண்ட் கறுத்துக்கொண்டே வந்தது. அழவில்லை அவர். இந்த நேரத்துக்கு அவர் என்னை ஒரு அறை அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், ஆனால் என்னவோ தப்பு செய்தவர் மாதிரி என்னைப் பார்த்தார், பிறகு பள்ளிக்கூடக் குரலை வரவழைத்துக்கொண்டார்.

“வல்லி, நாளைக்கு ஆபீஸ் போனதும் எழுத்து மூலமாக் கேளு. இந்த ஆர்டரை எவன் தயார் பண்ணினான்னு கேளு. நீ கேட்டா சொல்லித்தானே ஆகணும்?”

கேக்கறேன்பா என்றேன். வேதா திரும்பி என்னைப் பார்த்தாள். ஏன் அப்படிப் பார்த்தாள், இந்த வண்டி விடுவதற்கு முந்தி ஒரு சாயங்காலம் நான் மூச்சிரைக்க வீட்டுக்குள் நுழைந்தது அவளுக்கு ஞாபகம் வந்திருக்குமா, பக்கத்து வீட்டு போனுக்கு விழுப்புரத்திலிருந்து ஆறு மணிக்குக் கூப்பிடுகிறார்கள், இவர்கள்தான் வேதா, இந்த இடம் கட்டாயம் முடியும் என்று சொன்னேனே… பழைய ஃபைலைப் பார்த்துத் தேதியை மட்டும் மாத்தி அடிச்சுடுங்க மேடம் என்று சொல்லிவிட்டுப் போனார் ஆபீசர், எப்போதும் அப்படித்தான் செய்வோம், ஒன்பது தாள், நடுவில் எட்டு கார்பன், அடித்துக்கொண்டே வந்தால் முதல் பக்கம் முடிகிற இடத்தில் பாக்கி ஒரே ஒரு பாரா, அதற்காக மறுபடி ஒன்பது தாள் எட்டு கார்பன் அடுக்க வேண்டும், மணி ஐந்தடிக்கப் பத்து நிமிஷம்தான் பாக்கி, ஐந்து இருபது லோக்கலை விட்டால் போன் போய்விடும்… அந்தப் பாராவை விட்டுவிட்டுக் கையெழுத்துக்கான இடத்தை முதல் பக்கத்துக் கடைசியிலேயே அடித்து மேஜையில் வைத்துவிட்டு ஓடியவள் நான்.