பழைய அளவு

சைக்கிளில் ஏறி வாசலைத் தாண்டிய மகன், தெருமுனைகூடப் போகாமல் அதைத் தள்ளிக்கொண்டே திரும்பி வந்தான்.

"என்னடா, பஞ்சரா?" என்றாள் டெய்லரம்மா.

"அதெல்லாம் இல்லம்மா. ஓட்டவே முடியல. முட்டி ரெண்டும் போய் கைப்பிடியில இடிக்குது."

சவப்பெட்டி செய்கிறவரிடம் சொல்லிவிட்டு வரக் கிளம்பியவன் அவன். முன்னறையில் கட்டிலில் அவனுடைய அப்பா கிடந்தார். நேற்று மாலை பின்பக்க வராந்தாவில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவர், அப்படியே சுவரில் சாய்ந்து போய்விட்டார். மாரடைப்பு என்றார் டாக்டர். பாயும் படுக்கையுமாகக் கிடக்கவில்லை, யாருக்கும் பாரமாக இருக்கவில்லை, கொடுத்து வைத்த மனுஷன் என்று வந்தவர்கள் எல்லாரும் சொன்னார்கள். அவளும் தலையை ஆட்டிவைத்தாள்.

"அப்பாவும் நானும் ஒரே உயரம்" என்றான் மகன். "அவர் பேன்ட்டைத்தான நான் எடுத்துப் போட்டுக்குவேன்? அவருக்குச் சரியா இருந்தா எனக்கும் சரியா இருக்கணும்ல? இது அவருக்காகச் செஞ்சது இல்லம்மா. வேற யாருக்கோ செஞ்சிருக்காரு."

சைக்கிளைப் பின்பக்க வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு, போனை எடுத்துக்கொண்டு அவன் வெளியே போனான். அவன் சொன்னது அவள் மண்டைக்குள் உட்கார்ந்துவிட்டது.

அது பந்தய சைக்கிள். மகனைவிட மூத்தது, அவர்களுடைய கல்யாணத்துக்கும் முந்தியது. அதனால் அவள் அதற்கு வைத்திருந்த பெயர் சக்களத்தி. ஆட்டுக்கொம்பு மாதிரி கீழே வளைந்த கைப்பிடி, விரல் தடிமனில் டயர், கத்தி மாதிரி ஒரு சீட். அதில் மனுஷன் ஏறி உட்கார்ந்தால் தரையில் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போல இருப்பார். அச்சகத்தில் மெஷின் பார்த்த காலம் முழுக்கக் குனிந்தே போய்க் குனிந்தே வந்தார்.

ஒரு வருஷமாகத்தான் அதில் கை வைக்க ஆரம்பித்தார். முதலில் ஆட்டுக்கொம்பு போயிற்று. ஓட்டுகிறவரை நோக்கி வளைந்து வரும் சாதாரணக் கைப்பிடி வந்தது. பிறகு அதைத் தாங்கும் தண்டை மாற்றி இன்னும் உயரத்துக்கு ஏற்றினார். ஸ்பிரிங் வைத்த அகல சீட் வந்தது, முன்னைவிடக் கீழேயும் இறங்கியது. தடித்த டயர் அந்தச் சட்டத்துக்குள் நுழையாது என்று தெரிந்ததும் கொஞ்சம் சின்னச் சக்கரங்களைத் தேடிப் பிடித்தார். சக்கரம் சின்னதானதும் பிரேக் கட்டை ரிம்முக்கு எட்டவில்லை. நீளக் கை வைத்த பிரேக்குக்காகப் பழைய சாமான் கடைகளில் நாயாய் அலைந்தார். மேட்டில் மிதிக்க லேசாக இருக்கட்டும் என்று முன்னால் இருந்த பெரிய பல்சக்கரத்தையும் கழற்றிச் சின்னது போட்டார்.

"என்ன, சக்களத்திக்கு வயசாயிடுச்சா?" என்று அவள் கேட்டபோது, "அவளுக்கென்ன, இனிமேதான் நல்லா ஓடுவா" என்றார்.

நல்லாத்தான் ஓடினாள். ஆனால் யாருக்கு?

"ஒருவேளை உங்களுக்காகச் செஞ்சாரோ என்னமோ, அண்ணி" என்றாள் நாத்தனார். கையில் டீ டம்ளர்களோடு அவளும் வந்து நின்று சைக்கிளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

டெய்லரம்மாவுக்கு அந்த ஆசை ஒரு நொடி வரத்தான் செய்தது. பின்பக்கம் யாரும் இல்லை. நாத்தனார் சைக்கிளைப் பிடித்துக்கொள்ள, சுவரைப் பிடித்தபடி ஏறி உட்கார்ந்தாள். கால் பெடலுக்கு எட்டாமல் அந்தரத்தில் ஆடியது. சாவு வீட்டில் இரண்டு பெண்கள் சைக்கிள் ஏறிப் பழகுகிறார்கள் என்று வெளியே தெரிந்தால் வாயால் சிரிக்க மாட்டார்கள். நாத்தனாருக்குத் தோள் குலுங்கியது. அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

"உங்களைவிட உயரம், அவனைவிடக் குட்டை. நடுவுல யாரோ ஒருத்தர், அண்ணி."

பெட்டியை மூடுவதற்குள் அந்த ஒருத்தர் யார் என்று தெரிந்தாக வேண்டும். அது மட்டும் டெய்லரம்மாவுக்கு நிச்சயமாக இருந்தது. மூடிய பிறகு தெரிந்தால், நல்லதோ கெட்டதோ, அவர் முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை கேட்க முடியாது. பதில் வராதுதான். அவர் எதற்கு உடனே பதில் சொல்லியிருக்கிறார்?

தெருக்கோடி மருந்துக்கடைக்காரம்மா வந்தபோது நாத்தனாரின் முழங்கை அவள் இடுப்பில் இடித்தது. வாரம் தவறாமல் அவர் போய்வந்த கடை அது. "பேச்சுத் துணைக்குப் போறேன்" என்பார். அந்த அம்மா கட்டிலருகே நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தபோது டெய்லரம்மாவின் கண் தன் வேலையைச் செய்துவிட்டது. தோள், இடுப்பு, கால் என்று நாடா இல்லாமலே அளந்து முடித்தது. நடுவில் ஒருத்தர் என்றால் சரியாக நடு.

"உங்களுக்கு சைக்கிள் ஓட்டத் தெரியுமா?"

"எனக்கா?" அந்த அம்மா திகைத்தாள். "ஸ்கூட்டர்ல பின்னால உக்காரவே எனக்கு உதறும்க்கா. ஏன்?"

"சும்மாதான் கேட்டேன்."

"உங்க முதுகு இப்ப எப்படிக்கா இருக்கு?"

"என் முதுகுக்கு என்ன?"

"மெஷின்ல உக்காந்து உக்காந்து உங்களுக்கு ராத்திரியெல்லாம் வலின்னு வந்து மாத்திரை வாங்குவாரே. தடவுற மருந்து, பெல்ட்டு எல்லாம் வாங்கினாரு. பெல்ட்டுகூட பெரிய சைஸாக் கேட்டாரு. அக்காவுக்கு இது தொளதொளன்னு இருக்குமேன்னு நான்கூட…" அவள் டெய்லரம்மாவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினாள்.

டெய்லரம்மாவின் முதுகு அன்றைக்கும் இரும்பு மாதிரிதான் இருந்தது.

"இப்ப பரவாயில்ல" என்றாள்.

மகன் போனோடு உள்ளே வந்தான். "அம்மா, பெட்டிக்கு அளவு கேக்கறாரு."

"அஞ்சடி பத்தங்குலம்." அதற்கு அவள் யோசிக்கவே வேண்டாம். கல்யாணத்துக்குச் சட்டையும் பேன்ட்டும் தைக்க உச்சி முதல் குதிகால் வரை எடுத்த அளவு, அதற்குப் பிறகு எத்தனையோ உடுப்புகள் அதே அளவில் வெட்டியாயிற்று.

மகன் அதைச் சொல்லிவிட்டுக் கேட்டுக்கொண்டு நின்றான். "ஞாபகத்துல இருக்கறதைச் சொல்லாதீங்க, படுக்க வச்சு அளந்து சொல்லுங்கங்கறாரு. எல்லாரும் ஆள் வளர்ந்ததைத்தான் ஞாபகம் வச்சிருப்பாங்களாம்."

அவள் மெஷின் டிராயரிலிருந்து நாடாவை எடுத்து வந்தாள். குதிகாலில் ஆரம்பித்து உச்சந்தலை வரை அளந்தாள். நான்கு விரல் குறைந்தது. மறுபடி அளந்தாள். துணி நாடா நாள்பட்டால் இழுபட்டு நீளும், அப்போது அளவைக் குறைத்துக் காட்டும். அதனால் மகனைச் சுவரோரம் நிறுத்தி அளந்தாள். அவன் சரியாக ஐந்தடி பத்தங்குலம் இருந்தான். நாடாவில் குற்றமில்லை.

பிறகு காலை மட்டும் அளந்தாள். பழைய அளவேதான். குறைந்தது இடுப்புக்கு மேலே. நேற்று தலை கட்டிலில் படியவில்லை என்று இரண்டு தலையணை வைத்தார்களே, விறைப்பு என்று நினைத்தார்களே. அவள் அவர் முதுகுக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தாள். மேல்முதுகு கூன் விழுந்து உருண்டிருந்தது.

வராந்தாவுக்குப் போய்ச் சைக்கிள் முன்னால் நின்றாள். கைப்பிடி ஏன் கிட்டே வந்தது, ஏன் மேலே ஏறியது என்று இப்போது கேட்க வேண்டியிருக்கவில்லை. எட்டிக் குனிந்தால் உயிர் போகிற முதுகு அது. சீட் இறங்கியது, நிற்கும்போது இரண்டு காலும் தரையில் பாவ. முட்டி கைப்பிடியில் இடித்ததை, காலை அகட்டி மிதித்துச் சமாளித்திருக்கிறார். தடித்த டயரும் ஸ்பிரிங்கும் குழியில் இறங்கும்போது தூக்கிப் போடாமல் இருக்க. ஒவ்வொரு மாதமும் அவருக்கு எங்கே வலித்தது என்பது வரிசையாக அங்கே பூட்டப்பட்டிருந்தது.

இன்னொன்றும் புரிந்தது. எப்போதும் சட்டையை வெளியே விடுகிற மனுஷன், போன வருஷம் திடீரென்று பேன்ட்டுக்குள் விட்டுக்கொள்ள ஆரம்பித்தார். காற்றில் பறக்கிறது என்றார். "புது மாப்பிள்ளைக்கு எந்த ஊர்ல பொண்ணு பாத்திருக்கு?" என்று அவள் ஓட்டினாள். முதுகு கூனினால் சட்டை முன்னால் தொங்கும், பின்னால் தூக்கும். எந்த டெய்லரும் வாசலில் வரும்போதே கண்டுபிடித்துவிடுவாள். அதை உள்ளே விட்டு அவர் மூடிவிட்டார்.

கோபம் பொத்துக்கொண்டு வந்தது. பக்கத்தில் படுத்துக்கொண்டு என்ன அழுத்தம்! ஆனால் தெரிந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள் என்பதும் அவளுக்குத் தெரியும். அன்றைக்கே சக்களத்தியைப் பழைய இரும்புக்குப் போட்டிருப்பாள். "உக்காருங்க ஒரு இடத்துல" என்று சொல்லியிருப்பாள். அவரும் உட்கார்ந்திருப்பார்.

அவருக்குப் போட எடுத்து வைத்திருந்த நீலச் சட்டை மெஷின்மேல் இருந்தது. புதுசு, பழைய அளவில் வெட்டியது. அவள் உட்கார்ந்து பக்கத் தையலைப் பிரித்தாள். முன்பாகத்தைக் குறைத்து வெட்டி, பின்பாகத்துக்கு ஒட்டுத்துணி கொடுத்தாள். மெஷின் ஓடும் சத்தம் கேட்டு முன்னறையில் பேச்சு நின்றது.

நாத்தனார் எட்டிப் பார்த்தாள். "இப்பப் போய் இது எதுக்கு அண்ணி? உள்ள விட்டுட்டா யாருக்குத் தெரியப் போகுது?"

டெய்லரம்மா மிதிப்பதை நிறுத்தவில்லை.

சட்டையை அவளும் மகனும் சேர்ந்துதான் மாட்டினார்கள். பொத்தான்களைப் போட்டுவிட்டு, மகன் கீழ்விளிம்பைப் பிடித்துப் பேன்ட்டுக்குள் செருகப் போனான். அவள் அவன் கையை எடுத்துவிட்டாள். "வெளிய இருக்கட்டும்."

தோளில் பிடித்து நீவினாள். எங்கும் இழுக்கவில்லை. முன்விளிம்பு இடுப்புக்குக் கீழே நேராகப் படிந்தது. வாசலில் வண்டி வந்து நிற்கும் சத்தம் கேட்டது, யாரோ பெட்டி வந்துவிட்டது என்றார்கள். விளிம்பின் ஓரத்தில் ஒரு நூல் நீட்டிக்கொண்டிருந்தது. கத்தரி உள்ளே மெஷின்மேலேயே இருந்தது. அவள் குனிந்து, நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.