பிரித்த மடிப்புகள்

தையல் கூடத்துப் பொம்மைக்கு மகள் மாட்டியிருந்த புதுக் கோட்டைப் பார்த்ததும் பெரியவர் வாசற்படியிலேயே நின்றுவிட்டார். வயிற்றுப் பக்கம் அகன்று விழும் கோட்டு. இடப்பக்கம் தைத்த இரண்டு மடிப்புகள். அவற்றை அடுத்து நெடுக்காக நான்கு கோடுகள், சிவப்பு நூலில்.

எங்கே பிடித்தாய் இதை என்று கேட்டார். பரணில் கிடந்த பழைய கோட்டைப் பார்த்து வெட்டியதாகவும், அதில் மங்கலாகத் தெரிந்த கோடுகளை எடுப்பாகக் காட்டியதாகவும் மகள் சொன்னாள்.

அவை அலங்காரமல்ல. மடிப்பைப் பிரித்த தடங்கள். பெரியவரின் மணமாகாத அக்கா ஆறு மடிப்பு வைத்துத் தனக்கே தைத்துக்கொண்டு, வயிறு தெரியாதிருக்க மாதம் ஒன்றாகப் பிரித்தாள். நான்கு பிரித்ததோடு சரி. ஆற்றிலிருந்து உடலைத் தூக்கி வந்தார்கள். விஷக்காய்ச்சல் என்று ஊருக்குச் சொன்னவர் அப்பா. பெற்ற மகளுக்குக்கூட வாய் திறக்காமல் அந்தச் சொல்லைக் கட்டிக்காத்தவர் இவர். குடும்பம் தலைநிமிர்ந்து நின்றது அதனால்தான்.

"யாரோட கோட்டுப்பா அது?"

"தெரியாது. இது வேண்டாம், கழட்டு."

"ஏன்? ஊர் உலகமே பழசப் பிரிச்சுத்தான் புதுசுன்னு தைக்குது. நாம மட்டும் என்ன வானத்துலேருந்தா குதிச்சோம்?"

காரணம் சொல்ல முடியாதவர் கட்டளையை எப்படி நிலைநிறுத்துவார்? அதற்குள் மொத்த வியாபாரி வந்துவிட்டார். கோட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். இப்போதெல்லாம் தாத்தா பேன்ட்டுக்குப் பேரன் இஸ்திரி போட்டுப் புது மோஸ்தர் என்கிறான், ஏமாந்து ஏமாந்து அலுத்துவிட்டது என்று சிரித்தார். பிறகு பெரியவர் பக்கம் திரும்பினார். இந்த வீட்டில் அவர் சொல்தான் முத்திரை.

"பெரியவரே, உங்க கண்ணுக்குத் தப்பினது எதுவும் இல்ல. இந்த மாதிரி கோட்ட முன்னாடி யாராச்சும் போட்டுப் பாத்திருக்கீங்களா?"

பார்த்தேன் என்றால் மகளின் முதல் ஆர்டர் போய்விடும். யார் போட்டார்கள் என்ற கேள்வி வேறு வரும். மகள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இல்ல," என்றார். "எங்க வீட்டுல அப்படி யாரும் போட்டதில்ல."

குளிர் தொடங்கியபோது தெருவெல்லாம் அந்தக் கோட்டுதான். கல்லூரிப் பெண்களின் ஒட்டிய வயிற்றின் மேல் அந்த அகலம் வெறுமையாக ஆடியது. நாகரிகம் வெகுநாள் கழித்துப் புதிதாக ஒன்றைக் கண்டிருக்கிறது என்று பத்திரிகை எழுதியது. பெரியவர் தலை குனிந்து நடந்து பழகினார்.

அடுத்த குளிருக்குள் அது பழசாகிவிட்டது. ஒரு கடை வாசலில் தள்ளுபடி மேசைமேல் குவித்துப் போட்டிருந்தார்கள். ஒருத்தி எடுத்து மாட்டிப் பார்த்தாள்.

"சே, மாசமா இருக்கறவ மாதிரி காட்டுது," என்று கழற்றி வீசினாள். மேசை தாண்டிச் சாக்கடை ஓரம் விழுந்தது.

பெரியவர் குனியப் போனார். எதிரே வந்த தெரிந்தவர் ஒருவர் நின்று நலம் விசாரித்தார். பெரியவர் முதுகை நிமிர்த்திக்கொண்டு, வீட்டில் எல்லாரும் நலம் என்று சொல்லி அவரோடு நடந்தார்.